மார்பகம் பெரிதாக்கும் ஆபரேஷன்: என்ன வழி, எவ்வளவு செலவு?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி, 2025 ஜூன் 7, இரவு

எனக்கு 23 வயது. மொபைல் ஷோரூமில் வேலை. தை மாதம் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். எனக்கு மார்பு ரொம்பச் சின்னது, அதிலும் இடது பக்கம் இன்னும் சின்னது. இன்ஸ்டாகிராமில் ஒரு கிளினிக் "69,999 முதல், வட்டியில்லா தவணை" என்று விளம்பரம் போடுகிறது. போன் செய்தால் நேரில் வரச் சொல்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் ஒன்றரை லட்சம் கையில் இருக்கிறது. சிலிகான் நல்லதா, கொழுப்பு ஏற்றுவது நல்லதா? எவ்வளவு ஆகும்? அம்மாவிடம் கேட்க முடியவில்லை. தெரிந்த அக்காக்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, காலை

அந்த 69,999-ஐ நம்பிக் கிளம்பாதே தங்கச்சி. அது பெரும்பாலும் டாக்டர் ஃபீஸ் மட்டும். மார்புக்குள் வைக்கும் இம்ப்ளான்ட், மயக்க டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், ரூம், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, ஆபரேஷனுக்குப் பிறகு போடும் இறுக்கமான பிரா எல்லாம் அதற்கு மேல் வரும்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறவள். எனக்கும் இடது பக்கம் சரியாக வளரவே இல்லை. 2017 கடைசியில் ஒரு தனியார் கிளினிக்கில் சிலிகான் வைத்துக்கொண்டேன். சில வருடம் கழித்து அது இறுகிப்போய், அரசு ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டுக் கொழுப்பு ஏற்றிக்கொண்டேன். நீ கேட்கிற இரண்டுமே என் உடம்பில் நடந்தவை. கடையில் முகூர்த்த வேலை குவிந்து கிடக்கிறது, இரவு உட்கார்ந்து எழுதுகிறேன். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கட்டாதே.

ஜூன் 8, இரவு

பில்லை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு மட்டும், எட்டு வருடத்துக்கு முந்தைய விலை: டாக்டர் 45,000. இம்ப்ளான்ட் ஒன்று 38,000. மயக்க டாக்டர் 12,000. தியேட்டர் 18,000. ரூம் 6,000. மருந்து, கட்டு, பிரா சேர்த்து 9,000. ஆக 1,28,000. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 23,040. மொத்தம் 1,51,040. போனில் எனக்குச் சொன்னது 85,000. வெளியில் எடுத்த ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இந்தக் கணக்கிலேயே இல்லை. வளையலை அடகு வைத்துத்தான் டிஸ்சார்ஜ் ஆனேன்.

இப்போது கடைக்கு வரும் பெண்கள் என்னிடம் காட்டிய எஸ்டிமேட்டுகளில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. இரண்டரை வரை போகிறது. இம்ப்ளான்ட் ஜோடி மட்டுமே அதில் கிட்டத்தட்ட பாதி.

அந்த ஜி.எஸ்.டி. விஷயத்தைக் கவனமாகப் படி. டாக்டர் செய்யும் சிகிச்சைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. கிடையாது. அழகுக்காகச் செய்யும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு உண்டு. ஆனால் பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, விபத்து, காயம் இவற்றால் கெட்ட உடம்பைச் சீராக்குவதாக இருந்தால் அதற்கும் வரிவிலக்கு இருக்கிறது. சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வளராமல் போனது வளர்ச்சிக் கோளாறு இல்லாமல் வேறென்ன? என் பில்லில் 'காஸ்மெட்டிக்' என்று ஒரு வரி அடித்து 23,040 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். உனக்கும் இடது பக்கம்தான் குறை என்கிறாய். எங்கே போனாலும் டாக்டரிடம் காரணத்தைச் சீட்டில் எழுதித் தரச் சொல். பில் போடும்போது அதைக் காட்டு.

மெடிக்கிளைம் இருக்கிறதே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். அழகு ஆபரேஷனை எல்லா பாலிசியும் ஒதுக்கித்தான் வைக்கும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பது, அல்லது உடல்நலத்துக்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்க இது தேவை என்று டாக்டர் எழுதித் தருவது, இவற்றுக்குத்தான் வழி உண்டு. அங்கேயும் டாக்டர் எழுதுகிற அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

ஜூன் 9

சரி, வகைகளுக்கு வருகிறேன்.

சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட் 1962-ல் அமெரிக்காவில் ஹூஸ்டனில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது. அன்றிலிருந்து உறை மாறியிருக்கிறது, ஜெல் கெட்டியாகியிருக்கிறது, அடிப்படை அதேதான். எனக்கு ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாதிரியைக் கையில் கொடுத்தார்கள். உள்ளங்கையில் நுங்கு மாதிரி வழுக்கியது. அழுத்தினால் அமுங்கி, விட்டதும் பழையபடி நிமிர்ந்துகொண்டது.

இன்னொன்று உப்புநீர் நிரப்பியது, சலைன். உடைந்தால் உடனே தெரியும், மார்பு வற்றிவிடும், நீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். ஒல்லியான பெண்களுக்கு அதன் மடிப்பு தோலுக்கு வெளியே தெரியும். சிலிகான் உடைந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது, ஸ்கேனில்தான் பிடிபடும்.

வடிவத்தில் உருண்டையும் உண்டு, கீழே கனமாக இறங்கும் துளி வடிவமும் உண்டு. மேற்பரப்பு வழவழப்பானதா சொரசொரப்பானதா என்பது இந்த எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

கீறல் மூன்று இடத்தில் போடலாம்: மார்புக்குக் கீழ் மடிப்பில், காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில், அல்லது அக்குளில். எனக்குக் கீழ் மடிப்பில். தழும்பு இப்போது ஒரு மெல்லிய கோடு, பிரா பட்டைக்குள் மறைந்துவிடும். குழந்தை பெற்றுப் பால் கொடுக்கும் எண்ணம் இருக்கிற பெண் கருவட்டத்துக் கீறலை ஒத்துக்கொள்வதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். அங்கேதான் பால் குழாய்களும் உணர்ச்சி நரம்புகளும் இருக்கின்றன. இம்ப்ளான்ட் வைத்த பெண்களில் பலர் பால் கொடுக்கிறார்கள், முடியவே முடியாது என்பதில்லை. ஆனால் இந்தக் கீறலில் சிக்கல் கூடுதல்.

அப்புறம் அதை நெஞ்சுத் தசைக்கு மேலே வைப்பதா, அடியிலா என்று ஒரு கேள்வி. உடம்பில் சதையே இல்லாத பெண்ணுக்குத் தசைக்கு அடியில் வைத்தால் ஓரம் தெரியாது. முதல் வாரம் வலி அதிகம். எனக்கு அடியில்தான் வைத்தார்கள். மூன்றாம் நாள் குக்கர் மூடியைத் திறக்க மாமியாரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

அளவைப் பற்றி ஒரு தையல்காரியாக நான் சொல்லியே ஆக வேண்டும். "எனக்கு 34 சி வேண்டும் டாக்டர்" என்று போய்க் கேட்காதே. எம்.சி. ரோட்டில் ஒரு கடையில் 34 பி எடு, நாலு கடை தள்ளி வேறு கம்பெனியில் அதே 34 பி எடு. இரண்டும் ஒன்றாக உட்காராது. ஆபரேஷனில் அளவு சி.சி. கணக்கு, ஒரு சி.சி. என்றால் ஒரு மில்லி. உன் நெஞ்சின் அகலம், தோல் எவ்வளவு இழுபடும் என்பதைப் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டும். அகலத்துக்கு மீறி வைத்தால் அக்குள் பக்கம் பிதுங்கும், தோல் மெலியும், சீக்கிரம் தொய்யும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். லைனிங் துணியில் வட்டமாக ஒரு சின்னப் பை தைத்து, அளவுக் குவளையில் 200 மில்லி அரிசி அளந்து போட்டு, தளர்வான பிராவுக்குள் வைத்துக்கொண்டு அரை நாள் வீட்டு வேலை செய்து பார். பிறகு 250, பிறகு 300. டாக்டர்களே சிலர் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கடையில் ஒரு பெண்ணுக்கு நான் தைத்துக் கொடுத்தேன். 350 வேண்டும் என்று வந்தவள், மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு 225 போதும் என்றாள்.

ஜூன் 10

"கிளினிக்கில் லைஃப்டைம் வாரண்டி என்கிறார்களே அக்கா, அப்புறம் என்ன செலவு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வாரண்டி அந்தப் பொருளுக்கு. உடைந்தால் கம்பெனி புது இம்ப்ளான்ட் தரும். அதை உடம்பில் வைக்க டாக்டர், தியேட்டர், மயக்கம், ரூம் எல்லாம் மறுபடி வேண்டுமே, அதை யார் கட்டுவது? சில கம்பெனிகள் கொஞ்சம் பணம் தரும், அதற்கு ஆயிரம் நிபந்தனை. எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டு நம்பு.

இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் இருக்கிற பொருள் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதை வெளிப்படையாகவே சொல்கிறது. வைத்த பெண் நீண்ட நாள் வாழ்ந்தால் ஒரு தடவையாவது மாற்றவோ எடுக்கவோ வேண்டியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சிலிகான் என்றால் ஐந்து ஆறு வருடத்தில் ஒரு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., அதன் பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. வலி இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டும். 23 வயதில் வைக்கிறாய் என்றால் 60 வயது வரை எத்தனை ஸ்கேன், எத்தனை ஆபரேஷன் என்று நீயே போட்டுப் பார். கையில் இருக்கிற ஒன்றரை லட்சம் முதல் தவணைதான். இதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லத்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன்.

ஜூன் 12

இறுகிப்போனது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடம்புக்குள் எந்த வெளிப்பொருள் போனாலும் அதைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வு கட்டும். எல்லோருக்கும் அது உண்டு, கெடுதல் இல்லை. சிலருக்கு மட்டும் அந்தச் சவ்வு தடித்துச் சுருங்கி இம்ப்ளான்டை நெரிக்கும். டாக்டர்கள் இதை நாலு படியாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் மார்பு மென்மை. இரண்டில் தொட்டால் கொஞ்சம் கடினம். மூன்றில் பார்த்தாலே வடிவம் மாறியிருக்கும். நாலில் வலியும் சேரும். ஏன் ஒருவருக்கு வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஆபரேஷன் நேரத்தில் ஒட்டிக்கொள்ளும் கிருமி, உள்ளே தேங்கும் ரத்தம் இவை காரணங்களில் சேர்த்தி என்கிறார்கள்.

எனக்கு கோவிட் ஊரடங்கு முடிந்த சமயத்தில் ஆரம்பித்தது. முதலில் ஜாக்கெட்டில்தான் தெரிந்தது. எனக்கு நானே அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் இடது தோள் பக்கம் ஏறிக்கொண்டே போனது. துணி சுருங்கிவிட்டது என்று பிரித்துத் தைத்தேன், மறுபடி ஏறியது. உள்ளே இம்ப்ளான்ட் உருண்டு திரண்டு மேலே போயிருந்தது. பிறகு இடது பக்கம் படுக்க முடியவில்லை. குழந்தை ஓடி வந்து கட்டிக்கொண்டால் மூச்சுப் பிடித்தது. அந்த கிளினிக்குக்குப் போன் போட்டால், சரிசெய்ய முதல் ஆபரேஷனைவிட அதிகம் ஆகும் என்று ரிசப்ஷனிலேயே சொல்லிவிட்டார்கள். வைத்த டாக்டர் அங்கே இல்லை என்றும் சொன்னார்கள்.

ஜூன் 13

"கேன்சர் வருமா?" நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

இம்ப்ளான்டால் சாதாரண மார்பகப் புற்றுநோய் கூடுவதாக இல்லை. ஆனால் இம்ப்ளான்டைச் சுற்றிய சவ்வில் வரும் ஒரு அபூர்வமான லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், இருக்கிறது. பெரும்பாலும் சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளவற்றோடு சேர்ந்து வருகிறது. 2019 ஜூலையில் எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதன் பேரில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை சொரசொரப்பு இம்ப்ளான்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அப்போது உலக அளவில் கணக்கில் வந்தவை 573 பேர், இறந்தவர்கள் 33 பேர். லட்சக்கணக்கான பெண்களில் இது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் ஆபரேஷன் ஆகிப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால் காத்திருக்கக் கூடாது. அந்த வகை வைத்திருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் அதற்காகவே எடுக்க வேண்டியதில்லை என்றும் எஃப்.டி.ஏ. சொன்னது.

அந்தச் செய்தி வந்த அன்று நான் பீரோவைக் கலைத்து அட்டையைத் தேடினேன். இம்ப்ளான்ட் வைத்தால் ஒரு அட்டை தர வேண்டும். கம்பெனி பெயர், வகை, அளவு, வரிசை எண், லாட் எண் எல்லாம் போட்ட ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும். என்னுடையது வேறு கம்பெனி, வழவழப்பானது, 245 சி.சி. அதைப் பார்த்த பிறகுதான் தூங்கினேன். அட்டை தராத இடத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளவே கூடாது. பிரான்ஸில் 2010-ல் பி.ஐ.பி. என்ற கம்பெனி தொழிற்சாலைக்கான மலிவு சிலிகானை நிரப்பி விற்றது வெளியே வந்தபோது, தன் உடம்பில் எந்தக் கம்பெனி இருக்கிறது என்றே தெரியாத பெண்கள் பல நாடுகளில் இருந்தார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

இனி நம் ஊர்க் கதை.

சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருப்பது நம் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கை ஆபரேஷனுக்கு இந்தியா முழுக்கப் பெயர் வாங்கிய இடம் அது. 2018 பிப்ரவரியில் விபத்தில் கைகளை இழந்த ஒருவருக்கு இரண்டு கையையும் மாற்றிப் பொருத்தினார்கள். அதே மாதம் அங்கே இலவச மார்பக அழகுச் சீரமைப்பு கிளினிக்கும் திறந்தார்கள். பெரிதாக்குவது, சின்னதாக்குவது, புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பது எல்லாம் ஏழைகளுக்குக் காசில்லாமல். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த விஜயபாஸ்கர், இது ஏழைக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது, நாம் தராவிட்டால் கடன் வாங்கிச் செய்துகொள்வார்கள் என்ற அர்த்தத்தில் பேசினார். வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின.

நான் அடகு வைத்த சில மாதத்தில் அந்தச் செய்தி வந்தது. கடையில் டீ கொடுக்க வந்த பையன் பேப்பரை விரித்துப் போட்டுவிட்டுப் போனான். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க மிஷினை மிதிக்க மனசு வரவில்லை.

எங்கள் பாட்டி ஸ்டான்லியைக் கடைசி வரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னாள். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடத்தில் வளர்ந்த ஆஸ்பத்திரி. அங்கே போனால் மட்டம் என்று ஒரு நினைப்பு நமக்குள் இருக்கிறது, அதை விட்டுத் தொலைக்க வேண்டும். தனியார் கிளினிக்கில் கால் மணி நேரம் பேசி அட்வான்ஸ் வாங்கினார்கள். பிறகு இம்ப்ளான்டை எடுக்க ஸ்டான்லிக்குப் போனபோது பெண் டாக்டர் டேப் வைத்து அளந்தார். கழுத்துக் குழியிலிருந்து இரண்டு காம்புக்கும் தூரம் எடுத்தார். கையை இடுப்பில் அழுத்தச் சொல்லித் தசை இருக்கிறதா என்று பார்த்தார். படம் போட்டுக் காட்டினார். எனக்கு முதல் தடவை செய்தபோது யாரும் இப்படிப் பார்க்கவில்லை.

காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். ஆதார், பழைய சீட்டு, ஸ்கேன், இம்ப்ளான்ட் அட்டை எல்லாம் எடுத்துப் போக வேண்டும். தேதி கிடைக்கப் பொறுமை வேண்டும். தீக்காயம், விபத்து, புற்றுநோய்க்காரர்கள் முன்னால் போவார்கள், அது நியாயம். அதே டாக்டரே ஒவ்வொரு தடவையும் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது, அதனால் கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

ஜூன் 16

நேற்று எழுதியதற்கு ஒருவர் கோபமாக, "உயிருக்குப் போராடுகிறவர்கள் படுக்கை இல்லாமல் கிடக்கும்போது வரிப் பணத்தில் மார்பைப் பெரிதாக்குவதா?" என்று கேட்டிருக்கிறார். 2018-லேயே பொது சுகாதாரத் துறையில் இருந்தவர்கள் சிலரும் இதைக் கேட்டார்கள். கேள்வியைத் தள்ளிவிட முடியாது. டெங்குவும் டி.பி.யும் இருக்கிற ஊர் இது.

ஆனால் என் கடைக்குள் திரைக்குப் பின்னால் நடப்பதை நீங்கள் பார்த்ததில்லை. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "உள்ளே கொஞ்சம் வைத்துத் தையுங்க அக்கா, இந்தப் பக்கம் மட்டும்" என்று காதோடு சொல்கிற பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? ஃபோம் ஷீட்டை மூன்று வட்டமாக வெட்டி, பெரிதின் மேல் சின்னதை அடுக்கி, ஓரத்தைச் சீவி, லைனிங்குக்குள் வைத்துத் தைப்பேன். ஒரு பெண்ணுக்குச் சின்ன வயதில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து ஒரு பக்கம் முழுக்க வெந்துவிட்டது. அவள் அம்மாகூட அவளைச் சட்டையில்லாமல் பார்த்துப் பல வருடம் ஆகிறது. அவளுக்கு இது அழகா வைத்தியமா? கோடு எங்கே போடுவது என்று டாக்டர் அவளைப் பார்த்து முடிவு செய்யட்டும். பணம் இருக்கிறவளுக்கு மட்டும் அந்த வாசல் திறந்திருக்கக் கூடாது.

ஜூன் 17

நேற்றைய பதிலை மறுபடி படித்தேன். காரணம் எதுவும் இல்லாமல், பெரிதாக வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிற பெண்ணை நான் விட்டுவிட்டேன். அவளும் கேட்கலாம். அவள் உடம்பு. வரிசையில் அவள் கடைசியில் நிற்கட்டும், வரிசையிலேயே நிற்கக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 22

கொழுப்பு ஏற்றுவது. இதைத்தான் நிறையப் பேர் கேட்டீர்கள்.

என் இம்ப்ளான்டைச் சவ்வோடு எடுத்துவிட்டு, புண் ஆறின பிறகு இன்னொரு தடவை தியேட்டருக்குப் போய்த் தொடையிலும் அடிவயிற்றிலும் இருந்து கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, மெல்லிய குழாய் வழியாக மார்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடத்தில் ஏற்றினார்கள். வெளிப்பொருள் எதுவும் இல்லை, தழும்பு புள்ளி புள்ளியாகத்தான். மார்பைவிடத் தொடைதான் வலித்தது, நீலம் பாரித்து உட்கார எழ முடியவில்லை.

ஏற்றிய கொழுப்பு முழுவதும் நிற்காது. புது ரத்த ஓட்டம் கிடைக்கிற கொழுப்பு மட்டும் பிழைக்கும், மிச்சத்தை உடம்பு கரைத்துவிடும். பாதி நின்றாலே நல்ல கணக்கு. எனக்கு முதல் சில மாதத்தில் நன்றாகவே வற்றியது. இரண்டாவது தடவை ஏற்றிய பிறகுதான் ஜாக்கெட் இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்தது. ஆக தனியாரில் கொழுப்பு மலிவு என்று யாராவது சொன்னால், எத்தனை தடவைக்கு அந்த விலை என்று கேள். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் செலவு சேர்ந்ததா என்றும் கேள். ஒரேயடியாகப் பெரிதாக வேண்டும் என்றால் இந்த வழியில் நடக்காது, கொஞ்சம்தான் கூடும். ஒல்லியாக இருக்கிற பெண்ணுக்கு எடுக்கவே கொழுப்பு இருக்காது. பிறகு எடை குறைந்தால் அதுவும் சேர்ந்து குறையும்.

பிழைக்காத கொழுப்பு சில இடத்தில் எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புப் புள்ளியாகவோ தங்கும். பின்னால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும்போது அதைப் பார்த்துப் பயந்துபோவார்கள். இம்ப்ளான்ட் என்றாலும் கொழுப்பு என்றாலும் ஸ்கேன் எடுக்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இம்ப்ளான்ட் இருந்தால் அதைப் பின்னால் தள்ளிவிட்டுக் கூடுதல் படம் எடுப்பார்கள்.

எனக்கு இப்போது எது பிடித்திருக்கிறது என்றால் கொழுப்புதான். வலது பக்கத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் இடது பக்கம் திரும்பிப் படுக்கிறேன்.

ஜூன் 24

க்ரீம், எண்ணெய், மாத்திரை, உறிஞ்சும் பம்ப் பற்றிக் கேட்டவர்களுக்கு: தடவுகிற எதுவும் மார்பைப் பெரிதாக்காது. பணம் போனால்கூடப் பரவாயில்லை, பியூட்டி பார்லரில் ஊசி மூலம் ஜெல்லோ சிலிகான் திரவமோ ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உறைக்குள் இருக்கிற சிலிகான் வேறு, ஊசியில் நேராக ஏற்றுகிற திரவம் வேறு. அது தசைக்குள் பரவும், கட்டி கட்டும், ரத்தக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பரவிய பிறகு முழுவதும் எடுக்க எந்த டாக்டராலும் முடியாது.

ஜூலை 1

தங்கச்சி எழுதியிருக்கிறாள். ஸ்டான்லிக்குப் போய்வந்தாளாம். ஸ்கேன் எழுதிக் கொடுத்து, இடது பக்கத் தசையையும் பார்த்திருக்கிறார்கள். பிறவியிலேயே ஒரு பக்க நெஞ்சுத் தசை இல்லாமல் இருக்கும் போலந்து சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு. அது இருந்தால் ஆபரேஷன் திட்டமே மாறும் என்பதால் பார்த்தார்களாம். அவளுக்குத் தசை இருக்கிறது, நல்ல விஷயம்.

"தைக்குள் முடித்துவிடலாமா அக்கா?" என்கிறாள்.

வேண்டாம் கண்ணு. வீக்கம் வடிந்து வடிவம் ஒரு நிலைக்கு வரவே மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். தழும்பின் சிவப்பு போக ஒரு வருடம்கூட ஆகலாம். கல்யாணத் தேதியைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு தியேட்டருக்குள் போனால், சின்னதாகச் சீழ் வைத்தால்கூட நீ யாரிடமும் சொல்ல மாட்டாய். குழந்தை பெற்றால் மார்பு எப்படியும் மாறும், அதன் பிறகு செய்துகொண்டால் ஒரு ஆபரேஷனே மிச்சமாகலாம். கல்யாணத்துக்கு ஜாக்கெட் நான் தைத்துத் தருகிறேன், பிரின்சஸ் கட் போட்டு இடது பக்கம் ஒரு அடுக்கு வைத்தால் போட்டோவில் யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளையிடம் சொல்வதா என்று கேட்டிருக்கிறாய். நான் முதலில் "தேவையில்லை" என்று எழுதிவிட்டு அழித்தேன். ஆபரேஷன் செய்துகொண்டால் ஆயுளுக்கும் ஸ்கேனும் செலவும் தொடரும், வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அது அம்மாவா அவரா என்று நீ முடிவு செய்.

ஜூலை 6

வியாசர்பாடியிலிருந்து ஒரு திருநங்கைச் சகோதரி கேட்டிருக்கிறார், இதெல்லாம் தனக்கும் பொருந்துமா என்று. பொருந்தும். ஹார்மோன் எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு வருடமாவது பொறுங்கள், மார்பு தானாகவே கொஞ்சம் வளரும், அதைப் பார்த்து அளவு முடிவு செய்தால்தான் சரியாக வரும். தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகள் நல வாரியம் வந்துவிட்டது, பாலின மாற்று அறுவை சிகிச்சை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாக நடக்கிறது. வாரிய அடையாள அட்டையோடு போய்க் கேளுங்கள். பணம் குறைவு என்று ஊசி போடுகிற ஆளிடம் மட்டும் போகாதீர்கள்.

ஜூலை 20

தனியாரில்தான் செய்துகொள்வேன் என்கிறவர்களுக்கு. டாக்டர் எம்.எஸ்.ஸுக்குப் பிறகு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. முடித்தவரா என்று பாருங்கள். தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டால் கோபப்படாமல் தர வேண்டும். "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்று போர்டு போட்டிருப்பது இந்த ஆபரேஷனுக்குப் படிப்பு ஆகாது. மயக்க டாக்டர் யார், ஆபரேஷன் முழுக்கக் கூடவே இருப்பாரா, ஏதாவது ஆனால் ஐ.சி.யு. அதே கட்டடத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அட்வான்ஸ் கட்டும் முன்னால் கேட்க வேண்டியவை. எஸ்டிமேட்டை வரி உட்படத் தாளில் கையெழுத்தோடு வாங்குங்கள். இறுகினால், உடைந்தால், சீழ் வைத்தால் மறு ஆபரேஷனுக்கு எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். அதை எழுத மறுக்கிற இடத்தில் நான் என்றால் உட்கார மாட்டேன்.

ஜூலை 21

திருவொற்றியூரிலிருந்து இன்னொரு தையல்காரி: எத்தனை நாளில் மிஷினில் உட்காரலாம்?

உட்கார்ந்து செய்யும் லேசான வேலைக்கு ஒரு வாரம் பத்து நாள் என்பார்கள். நம் வேலை லேசானது இல்லை. கத்தரி பிடிப்பது, துணி இழுப்பது, இஸ்திரிப் பெட்டி தூக்குவது எல்லாமே நெஞ்சுத் தசையில்தான் இழுக்கும். கனம் தூக்குவதையும் கையை மேலே தூக்கி வெட்டுவதையும் ஆறு வாரம் தள்ளிப் போடுங்கள். கொக்கி, எம்மிங் வேலையை இரண்டாவது வாரத்தில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். தீபாவளி ஆர்டர் பிடிப்பதற்கு முன்னாலேயே இதைக் கணக்குப் போட்டுவிடுங்கள், அந்த ஆறு வாரச் சம்பாத்தியமும் செலவுதான். என் பில்லில் அது இல்லை.